காப்பை விழுங்கிய இச்சி மரம்

ஸ்டெல்லா கட்டைவிரல் நகத்தால் மரத்தின் தோலைச் சுரண்டினாள். நகம் பட்ட இடத்தில் உள்ளே பச்சை தெரிந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால், வெள்ளையாகப் பால் துளிர்த்து நின்றது.

“கீழே உயிர் நல்லா இருக்கு” என்றாள்.

பிறகு ஒரு சாண் மேலே போய் அங்கேயும் சுரண்டினாள். அங்கே பச்சை மங்கி, அதிகமாக வெந்துபோன பீன்ஸ் நிறத்தில் இருந்தது. பால் வருமா வராதா என்று இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தோம். வந்தது. ஆனால் மனசே இல்லாமல் வந்தது.

என் மாமியார் கையில் விளக்குமாற்றோடு பின்னால் நின்றிருந்தார். “ஏஞ்சாமி, மரத்துக்கு ஊசி கீசி போடப் போறீங்களா ரெண்டு பேரும்?” என்று கேட்டார். ஸ்டெல்லாவின் தொழில் அது. அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். சேலத்தில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்த காலத்தில் நானும் அவளும் ஒரே விடுதி. எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது, அவள் ஊசியைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டு மொட்டை மாடி முழுக்கத் தட்டு மரங்கள், போன்சாய் என்பார்களே அது. ஆல், அத்தி, புளி என்று முழங்கால் உயரத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. “பிள்ளைகளைத்தான் அடக்கி வளர்க்க முடியல, மரத்தையாவது அடக்கி வளர்க்கறேன்” என்பாள்.

அன்றைக்கு மாசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் நேராகப் பஸ் ஏறிப் புதுச்சத்திரம் வந்துவிட்டாள். நான் அழைத்த அழைப்பு அப்படி. “மரம் சாகுதுடி, வா” என்று போனில் சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

ஒரு இச்சி மரத்துக்காகவா இந்தப் பாடு என்று நீங்கள் கேட்கலாம். மரத்துக்காக இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கிணற்றுச் சுவரிலிருந்து

என் வீட்டுக்காரர் பெயர் குழந்தைவேல். அவருடைய அம்மா இன்றைக்கும் “கொழந்த” என்றுதான் கூப்பிடுவார். மீசையும் தொப்பையுமாக ஒரு மனிதர் “என்னம்மா” என்று திரும்பும்போது புதிதாக வந்தவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அவருக்கு ரிக் வண்டி. பார்ட்னரோடு சேர்ந்து, ஆழ்துளைக் கிணறு போடும் தொழில். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் லாரியில் இருப்பார், இல்லாவிட்டால் ரிக்கில் இருப்பார். ஆயுத பூஜை முடிந்து வண்டி வடக்கே கிளம்பினால் ஆந்திரா, மகாராஷ்டிரா, சத்தீஸ்கர் என்று ஓடும். அங்கே மழை பிடித்து வயலில் வண்டி இறங்க முடியாமல் போகும்போதுதான் திரும்பி வரும். அதாவது, ஆனி ஆடியில் எனக்கு ஒரு புருஷன் வருவார். புரட்டாசி தாண்டினால் போய்விடுவார்.

எங்கள் மகள் பிறந்தபோது அவர் கர்நூல் பக்கம் இருந்தார். அவள் பேச ஆரம்பித்தபோது நாக்பூர். இப்போது அவள் கோயமுத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். அப்பாவோடு சேர்ந்து எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் பின்னால் மழை பெய்துகொண்டிருக்கும்.

ஒரு வருஷம் ஆடியில் ஊரில் இருந்தபோது, ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் போடப் போனார். அங்கே பழைய கல் கிணறு ஒன்று. அதன் உள்சுவர்ச் சந்தில் ஆல் ஜாதியைச் சேர்ந்த ஒரு இச்சி முளைத்து, கல்லைப் பிளந்துகொண்டு தொங்கியிருக்கிறது. தோட்டக்காரர் ஆசிட் ஊற்றிக் கொல்லப் பார்த்தாராம். இவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, கடப்பாரையால் கல்லை நெம்பி வேரோடு எடுத்து வந்துவிட்டார். அடிமரம் அப்போதே என் மணிக்கட்டுப் பருமன். காய்ந்த ஊரில் தண்ணீருக்காகக் கல்லைக் குடைகிற மனிதருக்கு, கல்லைக் குடைந்து தண்ணீர் தேடிய செடியைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் வைத்து அதில் நட்டார். ஸ்டெல்லாவின் மாடிக்கு ஒருமுறை கூட்டிப்போயிருந்தேன். அங்கே பார்த்ததிலிருந்து இதையும் தட்டில் ஏற்ற வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. “உடனே ஏத்தக் கூடாதுங்க. டிரம்லயே கொஞ்ச வருஷம் அடிமரம் பருக்கட்டும், கிளையை மட்டும் வெட்டி வெட்டி அடக்குங்க” என்று அவள் சொன்னாள்.

அன்று சாயங்காலம் டிரம்முக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “அம்மணி, இது தட்டுல ஏறுற வருசம் நான் வண்டிய உட்டு எறங்கிக்கறேன்.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அவர் கிளம்பிப்போன பிறகு அந்தப் பேச்சு வீட்டில் தங்கிவிட்டது. வருஷம் போகப் போக நான் அதை வாக்குறுதியாகவே ஆக்கிக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் முதலில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் அடிமரத்தைப் பார்ப்பேன். பருத்திருக்கிறதா, இன்னும் கொஞ்சம் பருக்க வேண்டுமா என்று. கல்யாணம் நிச்சயமான பெண் நாள்காட்டியைப் பார்ப்பதுபோல் நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மரம்தான் இப்போது மேலே இலை சிறுத்து, மஞ்சளாகி, சாகக் கிடந்தது.

டாக்டரம்மாவின் சந்தேகங்கள்

“எப்பலேர்ந்து இலை இப்படிச் சின்னதா வருது?” என்று ஸ்டெல்லா விசாரணையைத் தொடங்கினாள்.

“தீபாவளிக்கு அப்புறம்.”

“என்ன மண்ணு போட்டிருக்கீங்க?”

ஒரு குச்சியால் டிரம்மில் குத்தினேன். குச்சி உடைந்தது. ஸ்டெல்லா கிள்ளியெடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் முகப்பவுடர் மாதிரி இருந்தது.

“இது மண்ணே இல்லையே.”

“போர்ல வர்ற பாறைத் தூள்” என்றேன். எங்கள் ஊரில் அது சும்மா கிடைக்கும். வாசல் மேட்டுக்கும் அதுதான், பள்ளத்துக்கும் அதுதான். ரிக் வண்டிக்காரர் வீட்டில் செடிக்கும் அதுதான். நனைந்து காய்ந்தால் சிமெண்டு.

“நல்லாப் போட்டார் உங்க வீட்டுக்காரர். மரத்துக்குக் கல்லறை கட்டியிருக்கார்” என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அதுவே காரணமாக இருந்தால் மரம் முழுக்க வாடியிருக்க வேண்டும் என்றாள். இங்கே கீழ்ப்பாதி தளதளவென்று இருக்கிறது. அடியில் புதுத் துளிர்கூட விட்டிருக்கிறது. நோய் நடுவில்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

பூச்சி துளைத்த ஓட்டை இருக்கிறதா, மரத்தூள் உதிர்ந்திருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இல்லை. விரல் கணுவால் தட்டிக் காது வைத்தாள். பொந்து இல்லை. மேற்கு வெயில் பட்டு வெந்ததா என்று அந்தப் பக்கத்துப் பட்டையை அமுக்கினாள். கெட்டியாக இருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, நரம்பு தேடும்போது செய்வதுபோல் விரல் நுனியை அடிமரத்தின் மேல் மெல்ல ஓட்டினாள். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

“இங்க கையை வை.”

வைத்தேன். பட்டைக்கு மேலே ஒரு புடைப்பு, அதற்குக் கீழே ஒரு பள்ளம். மரத்தைச் சுற்றி முழுவட்டமாக ஓடியது. பாவாடை நாடாவை நாள் முழுக்க இறுக்கிக் கட்டி அவிழ்த்தால் இடுப்பில் இருக்குமே, அந்தத் தடம்.

ஸ்டெல்லா கைப்பையிலிருந்து ஊசியை எடுத்துப் பள்ளத்துக்குள் நெம்பினாள். வெள்ளையாக ஒரு நூல் நுனி எட்டிப் பார்த்தது. இழுத்தாள். வரவில்லை. அதன் அடியில் இன்னொரு நூல். அதற்கும் அடியில், மரத்துக்கு உள்ளேயே இன்னொன்று. மரம் பருக்கப் பருக்க நூலைத் தனக்குள் விழுங்கியிருந்தது. இலை சமைத்த சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும், அந்த வழியை நூல் இறுக்கிவிட்டது, இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கிப் புடைத்திருக்கிறது, நூல் இப்போது இன்னும் உள்ளே போய் மேலே ஏறும் தண்ணீரையும் அடைக்கப் பார்க்கிறது என்று ஸ்டெல்லா விளக்கினாள்.

“யாரோ தூக்குக் கயிறு மாட்டியிருக்காங்க இதுக்கு” என்றாள்.

“தூக்குக் கயிறா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மாமியார் விளக்குமாற்றைக் கீழே வைத்திருந்தார். “அது காப்பும்மா.”

வண்டிக்குக் கட்டிய காப்பு

எங்கள் கொங்குப் பக்கத்தில் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துச் சின்னக் கொத்தாகக் கட்டி வீட்டு முகப்பில் செருகுவோம். மாட்டுக் கொட்டாய், கிணற்று மோட்டார், மொபெட் எல்லாவற்றுக்கும் உண்டு. நோம்பி, அதாவது பண்டிகை நாளில் காப்பு இல்லாத பொருள் எங்கள் வீட்டில் கிடையாது. நான் தூங்கிக்கொண்டிருந்தால் எனக்கும் ஒரு கொத்துச் செருகிவிடுவார் என் மாமியார்.

டிரம்மில் இருந்த மரத்திலும் ஒரு கொத்து இருக்கும்தான். நான் ஏதோ வாசல் கேட்டுக்குக் கட்டுவதுபோல் இதற்கும் கட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். கொத்து வெயிலில் காய்ந்து மாசியில் உதிர்ந்துவிடும். ஆனால் கட்டின நூல் உதிராது. தவிட்டு மூட்டையின் வாயைத் தைத்து வரும் நைலான் நூல் அது. மூட்டையைப் பிரிக்கும்போது அறுபடாமல் உருவி, ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி அத்தை சேர்த்துவைத்திருப்பார். எருமை இழுத்தாலும் அறாது.

“இதுக்கு எதுக்குங்க அத்தை காப்பு?” என்று கேட்டேன்.

அவர் தொட்டித் திண்டில் உட்கார்ந்துகொண்டார்.

“காப்பு வண்டிக்குக் கட்டோணும். அவங்கப்பன் லாரி ஓட்டறப்ப இருந்து கட்டறதுதான். நோம்பிக்கு வண்டி எங்கிருக்குது? சத்தீஸ்கர்ல இருக்குது. நான் அக்கட்ட போயா கட்டறது? இது அவன் கையில வெச்ச மரம். வண்டிக்கின்னு நெனச்சுட்டு இதுக்குக் கட்டுனேன். இறுக்கித்தான் கட்டுனேன். காத்துக்கு அவுந்துறக் கூடாதில்ல.”

 எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். என் இத்தனை வருஷத்துக் காத்திருப்பை அவர் நூலால் இறுக்கிக் கொன்றுகொண்டிருந்தார். ஆனால் வந்தது கோபம் இல்லை. இந்த வீட்டில் என் வீட்டுக்காரருக்காக ஏங்குகிறவள் நான் ஒருத்திதான் என்று அதுநாள்வரை எனக்கு ஒரு இறுமாப்பு. அத்தை ஏங்கி நான் பார்த்ததில்லை. மகன் கிளம்பும்போது கண்கூடக் கலங்காது. “பாத்துப் போய்ட்டு வா” என்று சொல்லிவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். அவர் ஏக்கமும் அதே டிரம்மில்தான் இருந்திருக்கிறது. என்னுடையது தண்ணீராக ஊற்றப்பட்டது, அவருடையது நூலாக இறுக்கப்பட்டது.

ஸ்டெல்லா கத்தரிக்கோலை எடுத்தாள். “வெட்டி எடுத்துடலாம். உள்ள இருக்கறதை நோண்டி எடுக்கணும். தேறினாலும் தேறும்.”

“வேண்டாஞ்சாமி” என்று அத்தை எழுந்தே விட்டார். “அவன் ரோட்டுல இருக்கறான். வண்டி ஓடிட்டிருக்கறப்பக் காப்ப அறுக்கறதா? அவன் வந்து எறங்குன பொறவு என்னமோ பண்ணிக்குங்க.”

“அவர் வர ஆனி ஆயிடும்மா. மரம் வெயில் காலத்தைத் தாண்டாது.”

“மரம் போனாப் போச்சாது.”

அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார். தட்டில் ஏறும் கதை அவருக்கும் தெரியும். அவருக்கும் அந்த மரம் வேண்டும். ஆனால் மரம் பிழைத்து மகனுக்கு ஒன்று ஆகிவிட்டால்? நான் படித்தவள், காப்பு நூலுக்கும் சத்தீஸ்கர் சாலைக்கும் சம்பந்தம் இல்லை என்று வகுப்பில் சொல்லக்கூடியவள். ஆனால் அன்றைக்குக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து நீயே வெட்டு என்று சொல்லியிருந்தால் நானும் வெட்டியிருக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால் என்ன?

மாவுக்கட்டு

நான் போட்டுக் கொடுத்த டீயை ஸ்டெல்லா குடித்து முடித்தாள். பிறகு, “சரி, அறுக்க வேண்டாம். இருக்கற இடத்துலயே இருக்கட்டும்” என்றாள்.

அவள் சொன்ன வழி இது. பதியம் போடுகிறவர்கள் வேண்டுமென்றே கிளையைச் சுற்றிப் பட்டையை வளையமாக எடுப்பார்கள். சத்து கீழே இறங்க முடியாமல் மேலே தேங்கும். அந்த இடத்தில் ஈரத்தைக் காட்டினால் வேர் விடும். அத்தையின் நூல் அந்த வேலையில் பாதியை ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறது. நூலைத் தொடாமல், அதற்கு மேலே புடைத்திருக்கும் இடத்தில் வேர் வரவைத்துவிட்டால், மேல்மரம் தன் காலில் நின்றுகொள்ளும். அவர் வந்த பிறகு நூலுக்குக் கீழே அறுத்து அப்படியே தட்டில் வைத்துவிடலாம்.

“இச்சி, ஆல் எல்லாம் இதுக்கு ஒத்துக்கற ஜாதி. பார்ப்போம்.”

புடைப்பின் மேல்தோலை அங்கங்கே கீறிவிட்டாள். ஊறவைத்த தேங்காய் நார்த்தூளைப் பிழிந்து கெட்டியாக அப்பினாள். பால் பாக்கெட் பிளாஸ்டிக்கைக் கழுவி, அதைச் சுற்றி, மேலும் கீழும் கட்டினாள். முடிந்தபோது கை ஒடிந்தவனுக்கு மாவுக்கட்டுப் போட்டதுபோல் இருந்தது. உச்சியில் இலைகளைப் பாதிக்குப் பாதி குறைத்தாள். ஒரு சிரிஞ்சை என் கையில் கொடுத்து, உள்ளே காயக் காயத் தண்ணீர் ஏற்றச் சொன்னாள்.

அந்த வேலையை என்னிடமிருந்து அத்தை பிடுங்கிக்கொண்டார். மாசி, பங்குனி, சித்திரை என்று வெயில் ஏறிக்கொண்டே போனது. விடிந்ததும் சிரிஞ்சும் கையுமாகப் போவார். மதியம் ஒரு பழைய சாக்கை நனைத்து டிரம்மின் மேல் போர்த்துவார். “இன்னிக்கு என்ன சொல்றாரு உங்க பேஷண்ட்டு?” என்று கேட்பேன். “கம்முனு கெடக்கறான்” என்பார். அவன் என்றால் மகனா மரமா என்பது அப்போது எங்களுக்குள் கலந்துபோயிருந்தது.

என் வீட்டுக்காரரிடம் போனில் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. “மரம் எப்பிடி இருக்குது அம்மணி?” என்று கேட்டால், “நல்லா இருக்குதுங்க” என்பேன். அங்கே கம்ப்ரஸர் சத்தத்தில் அவருக்குப் பாதி காது கேட்காது. நான் சொல்வதே கேட்காதபோது, சொல்லாதது எங்கே கேட்கப்போகிறது.

வைகாசி கடைசியில் ஒருநாள் நான் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தேன். அத்தை கூப்பிட்ட குரலில் கொஞ்சம் பயந்துதான் ஓடினேன். பிளாஸ்டிக்கின் உள்பக்கத்தில் வெள்ளையாக, சேமியா இழை மாதிரி, வேர் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தை அதைத் தொடவில்லை. விரலை மேலே நீட்டிக் காட்டிக்கொண்டே நின்றார். அன்று நான் முதல் மணிக்குப் போகவில்லை. இரண்டு பேரும் தொட்டியடியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை டீ குடித்தோம்.

தட்டில் ஏறியது

ஆனி பிறந்து அவர் வந்தார். கறுத்து, இளைத்து, வேலையில் பட்ட சின்ன அடிக்குக் காலில் ஒரு கட்டோடு வந்தார். மரத்தைப் பார்த்தார். பிளாஸ்டிக் கட்டைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். “என்ன, ரெண்டு பேத்துக்கும் ஒரே டாக்டரா?” என்றார்.

ஆடி முதல் ஞாயிறு ஸ்டெல்லா வந்தாள். அவர் ஆக்ஸா பிளேடைப் பிடித்து நூல் வளையத்துக்குக் கீழே அறுக்க ஆரம்பித்தார். பால் கையெல்லாம் ஒழுகியது. அத்தை உள்ளே போகவில்லை, மகன் வந்துவிட்டதால் பயமில்லை என்று பக்கத்திலேயே நின்றார். மேல்மரம் வேரோடு தனியாக வந்தது. வேருக்கு அடியில் ஒட்டியிருந்த கட்டைத் துண்டைச் சீவி எடுத்தபோது அதற்குள் வெள்ளை நூல் வளையம் வளையமாகத் தெரிந்தது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“ஏம்மா” என்று சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. துண்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூக்கைத் துடைத்தார். “பாலு கண்ணுல பட்டிருச்சு” என்றார். யாரும் நம்பவில்லை.

தட்டில் பாறைத் தூள் போடலாமா என்று அவர் கேட்டதற்கு ஸ்டெல்லா முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு முடிந்தது. செங்கல்லை உடைத்துச் சலித்த பொடிக்கல், பெருமணல், கொஞ்சம் மக்கிய தொழுவுரம். தட்டின் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டு மரத்தை ஆடாமல் கட்டினாள். வேர்ச் சந்துகளில் மண் இறங்க, மூங்கில் குச்சியால் மெதுவாகக் குத்திக் குத்தி நிரப்பினாள். அடியில் தெளிந்த தண்ணீர் வழியும்வரை ஊற்றினோம். டிரம்மில் மிச்சமிருந்த அடிக்கட்டையும் துளிர்த்துக்கொண்டு கிடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

தட்டில் ஏறிவிட்டது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆடி போனது, ஆவணி போனது. மரம் புது இலை விட்டது, நல்ல பெரிய இலை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நான் இந்த வருசம் போகல அம்மணி. பார்ட்னரு பாத்துக்கறேங்கறாரு. புதுசா ஒரு டிரைவரும் போட்டாச்சு.”

“சேரிங்க” என்றேன்.  அன்றைக்குப் பூரா நான் எதை எடுத்தாலும் கீழே போட்டேன். அத்தை கண்டுகொள்ளாததுபோல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஓமலூர் வரைக்கும்

ஆயுத பூஜை முடிந்து நல்ல நாள் பார்த்து வண்டிகள் கிளம்பின. ரோட்டோரம் ரிக் லாரியும் பைப் லாரியும் நின்றன. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பூசணிக்காய், சூடம். ஒவ்வொரு வருஷமும் வண்டி நகரும்முன்பே நான் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். இந்தத் தடவை நான் வேடிக்கை பார்க்கிறவளாக நின்றிருந்தேன். பட்டுப்புடவைகூடக் கட்டியிருந்தேன். வெள்ளை வேட்டி சட்டையில் அவர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருந்தார்.

புது டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணியதும் என் வீட்டுக்காரர் நெற்றி சுருங்கியது. காதைச் சாய்த்துக் கேட்டார். “கிளட்ச்ச ரொம்ப அமுத்தறான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஓமலூர் வரைக்கும் உக்காந்து போயி உட்டுட்டு, பஸ்ஸப் புடிச்சு மத்தியானச் சோத்துக்கு வந்தர்றேன்.”

கையில் ஒரு மஞ்சப்பைகூட இல்லை. செருப்பும் போனும் மட்டும். அப்படியேதான் ஏறிப் போனார்.

பன்னிரண்டு மணி தாண்டி போன் வந்தது. “அம்மணி, தொப்பூர் மேடு இவனுக்குப் பழக்கமில்ல. லோடு வண்டி பாரு. அதத் தாட்டி உட்டுட்டு பொழுதோட வந்தர்றேன்.”

“சேரிங்க.”

அத்தை அவருக்குப் போட்டுவைத்த இலையை மடித்து எருமைக்குக் கொண்டுபோனார். 

பொழுது இறங்கும்போது திரும்பப் போன். பின்னால் பஸ் ஹாரன், கடைத்தெருச் சத்தம். கிருஷ்ணகிரி என்றார். பேச்சில் ஒரு தெளிவு இருந்தது. நாலு மாசமாக வீட்டில் நான் கேட்காத தெளிவு. அவர் குரலை இத்தனை வருஷம் போனிலேயே கேட்டுப் பழகிய காது எனக்கு, அது ஏமாறாது.

“பெங்களூரு டிராஃபிக்குல இவன் என்ன பண்ணுவானோன்னு இருக்குது. அதையும் தாண்டிட்டா…” என்று இழுத்தார்.

வந்துவிடுங்கள் என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் வந்திருப்பார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பஸ் ஏறி வந்து, கைகால் கழுவி, சோறு தின்று, மறுநாளிலிருந்து ஸ்டியரிங் கழன்ற வண்டி மாதிரி வாசலுக்கும் தொட்டிக்கும் நடந்துகொண்டிருப்பார். எனக்கு அந்த மனிதர் வீட்டில் வேண்டும். வேண்டும் என்றால் அப்படி வேண்டும். 

“எங்கிருக்கறீங்க இப்ப? பஸ் ஸ்டாண்டுலயா?” என்று கேட்டேன்.

“இல்ல அம்மணி.” துணி உதறும் சத்தம் கேட்டது. “துணிக்கடையில. வேட்டியோட வந்துட்டனா, ஒரு லுங்கி எடுக்கலாம்னு… எந்த நெறத்துல எடுக்கட்டும்?”

வாசலில் அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீலத்துல எடுங்க” என்றேன். “கிரீஸ் பட்டாத் தெரியாது.”